ஸ்பார்க்ஸைப் பிந்திக் கேட்டவன் சொல்வது

ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு பொப் குழுவை அறுபது வயதுக்குப் பிறகு கேட்க நினைப்பவருக்கு முதலில் வரும் கேள்வி, எங்கே தொடங்குவது என்பதுதான். ஸ்பார்க்ஸ் என்று வந்துவிட்டால் இந்தக் கேள்வி இன்னும் பெரிது. லொஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ரொன் மேய்ல், ரஸல் மேய்ல் என்ற அண்ணனும் தம்பியும் 1971 முதல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அல்பங்களை வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இராது. கிற்றார் முழங்கும் அல்பம் இருக்கிறது, முழுக்க முழுக்க சிந்தசைசர் அல்பம் இருக்கிறது, ட்ரம்ஸை ஏறக்குறைய துரத்தியே விட்ட அல்பமும் இருக்கிறது. தற்செயலாக ஒன்றைக் கேட்டு, அது பிடிக்காமல், ‘இது நமக்குச் சரிவராது’ என்று எழும்பிப் போவது மிகச் சுலபம். அப்படி எழும்பிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவர்களை முதலில் கேட்டது 1979 இல். லண்டனுக்கு வந்த புதிது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலரைப் போல எனக்கும் பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் செட்டில் வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ விடியும் வரை பாடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் ‘பீட் த க்ளொக்’ என்ற பாட்டு அதில் ஓயாமல் போனது. பிரித்தானியாவில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு அது. இயந்திரம் போல ஓடும் தாளம், அதற்கு மேலே பெண் குரலோ என்று நினைக்கவைக்கும் உச்சஸ்தாயிக் குரல். இரண்டு வயதில் பள்ளிக்கூடம் போய், அன்று பின்னேரமே கலாநிதிப் பட்டம் வாங்கி, நாலு வயதில் விவாகரத்தும் பெற்றுவிடும் ஒருவனின் கதை அது. அந்த வேகத்தில் வரும் ஆங்கிலம் அப்போது என் காதில் ஏறாது. நித்திரை வராமல் இருக்க அந்தத் தாளமே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு பிரித்தானிய ரேடியோவில் அவர்கள் சத்தம் குறைந்துபோனது. எனக்கும் கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வருடங்கள் போயின. 2021 இல் எட்கர் ரைட் அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் வந்தது. அதைப் பற்றி எங்கேயோ வாசித்துவிட்டு மகள் வந்து சொன்னாள்: “அப்பா, இவையள் நீங்கள் பெற்றோல் செட்டில கேட்ட ஆக்கள் எல்லே? இன்னும் பாடினமாம்!”

‘த ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்’ என்ற அந்தப் படம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அல்பம் அல்பமாக, ஒன்றையும் விடாமல் போகும். படம் முடிந்ததும் நான் ‘பீட் த க்ளொக்’கைத் தேடவில்லை. 2002 இல் வந்த ‘லில் பேத்தோவன்’ என்ற அல்பத்தைத் தேடினேன். இப்போது யோசித்தால் அதுதான் எனக்குக் கிடைத்த சரியான வாசல். உங்களுக்கும் அதையே காட்டுவேன்.

காரணம் இருக்கிறது. இளமையில் கேட்ட குழுவிடம் திரும்பிப் போகும்போது நாங்கள் அநேகமாகத் தேடுவது எங்கள் இளமையைத்தான். பழைய பாட்டைப் போடுவோம், அந்த இரவுகள் ஞாபகம் வரும், பத்து நிமிடத்தில் அது கரைந்துவிடும், அத்தோடு குழுவும் முடிந்துவிடும். ஸ்பார்க்ஸை அப்படி முடித்துவிடுவது பெரிய நட்டம். அவர்கள் நின்ற இடத்தில் நின்றதே இல்லை. தங்கள் ஐம்பதுகளில் செய்த ‘லில் பேத்தோவன்’ அவர்களின் இருபதுகளில் வந்த எதையும்விடத் துணிச்சலானது. அதில் உங்கள் இளமைக்கால ஞாபகம் எதுவும் ஒட்டியிருக்காது, ஆகவே பாட்டைப் பாட்டாகவே கேட்க முடியும்.

அந்த அல்பத்தில் ‘ஹௌ டூ ஐ கெட் டு கார்னகி ஹோல்’ என்று ஒரு பாட்டு. நியூயோர்க்கில் ஒரு பழைய பகிடி உண்டு. வழி தெரியாத ஒருவர், அங்கே பெரிய கச்சேரிகள் நடக்கும் கார்னகி மண்டபத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பார். ‘சாதகம் பண்ணு, சாதகம் பண்ணு’ என்று பதில் வரும். ரொன் அந்தப் பகிடியை எடுத்து அதன் அடுத்த கட்டத்தை எழுதினார். ஒருவன் சாதகம் பண்ணுகிறான், பண்ணிக்கொண்டே இருக்கிறான், கடைசியில் அந்த மேடைக்கும் வந்துவிடுகிறான். கைதட்டல் எழும்புகிறது. யாருக்காக இவ்வளவும் செய்தானோ, அவளை மட்டும் காணவில்லை. பாட்டில் அநேகமாக ரஸலின் குரல்கள்தான். ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து ரஸல்கள் நின்று பாடுவதுபோல் இருக்கும், கீழே பியானோ ஓடும், தந்தி வாத்தியங்கள் வெட்டும். மொத்தச் சொற்களும் ஒரு தாளின் பாதிக்குத்தான் வரும், அவையே திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை சிரிப்பு வந்தது. அடுத்த தடவை, காணாமல் போன அந்த ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே அல்பத்தில் ‘மை பேபிஸ் டேக்கிங் மீ ஹோம்’ என்ற பாட்டும் இருக்கிறது. ‘என்னவள் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள்’ என்ற ஒரே வரிதான் கிட்டத்தட்ட முழுப் பாட்டும். நடுவில் மட்டும் கொஞ்சம் பேச்சு. வாசிக்கும்போது இது என்ன பாட்டு என்று தோன்றும். கேட்டால், ஐந்தாவது தடவை வெறும் தகவலாக இருக்கும் அந்த வரி இருபதாவது தடவை கெஞ்சலாகிறது, பிறகு ஒரு நன்றியாகிறது. வயதான தம்பதிகள் ஒரே வார்த்தையை நாற்பது வருடம் சொல்லிக்கொள்ளும்போது அதற்குள் என்னென்ன ஏறுமோ, அவ்வளவும் இதற்குள் ஏறுகிறது. இருபது வயதில் கேட்டிருந்தால் இவ்வளவும் எனக்கு விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்பத்தை முழுசாகக் கேளுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுத் தரும் செயலிகளிடம் ஸ்பார்க்ஸைக் கொடுத்தால் 1974 உம் 1986 உம் 2017 உம் ஒன்றோடொன்று மோதும், காது களைத்துவிடும். அதோடு சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ரஸலின் குரல் உயரத்தில் ஓடும்போது ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பாதி பிடிபடாது. எங்கள் வயதில் இன்னொன்றும் சேர்கிறது. காது மங்கத் தொடங்கும்போது முதலில் போவது உயர்ந்த சுருதிகள்தான். உயிரெழுத்துகள் கேட்கும், ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். சத்தத்தைக் கூட்டுவதால் இது தீராது, உள்ள காதும் கெடும். தாளில் இருக்கும் சொல்லைக் கண்ணால் பிடித்தால் காது மிச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

காதுக் கருவி போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அந்தக் கருவிகள் அடிப்படையில் பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்டவை. நீளமாக இழுத்துப் பிடிக்கும் உயர்ந்த சுரத்தை ‘இது என் விசில் சத்தம்’ என்று நினைத்துக் கருவி அடக்கப் பார்க்கும், பாட்டு நடுங்குவதுபோல் கேட்கும். ரஸல் மேய்லின் குரலுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. காதைப் பரிசோதிக்கும் இடத்தில், இசை கேட்பதற்கென்று தனியாக ஓர் அமைப்பைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டுப் போட்ட பிறகுதான் ‘கிமோனோ மை ஹவுஸ்’ அல்பத்தின் உச்சங்கள் எனக்கு ஒழுங்காகக் கேட்டன.

அந்த அல்பம் 1974. எல்லோரும் அங்கேதான் தொடங்கச் சொல்வார்கள். நான் இரண்டாவதாக வைப்பேன். அமெரிக்காவில் இரண்டு அல்பம் போட்டும் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காததால் சகோதரர்கள் 1973 இல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். ஐலன்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ‘திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபொர் போத் ஒஃப் அஸ்’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. தொலைக்காட்சியில் தம்பி சுருட்டை முடி பறக்கத் துள்ளிப் பாட, அண்ணன் சின்ன மீசையோடு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் இருந்து கமராவையே முறைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்த பிள்ளைகள் பலர் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றியே பேசியதாக இப்போதும் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டை ரொன் எழுதிய சுருதியை ரஸலின் வசதிக்காகக் கீழே இறக்கவில்லை. எந்தச் சுருதியில் எழுதப்பட்டதோ அதிலேயே பாட வேண்டும் என்று அண்ணன் நின்றார், தம்பி ஏறிப் பாடினார். உலகத்துக்கே அடையாளமாகிப்போன அந்தக் குரல், கீபோர்டில் அண்ணனின் விரல் போன இடத்துக்குத் தம்பி போனதால் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டே வேறாகிவிடும். பாடகருக்கு அது எவ்வளவு உழைப்பு என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

ஆனால் அந்த அல்பத்தில் என் பாட்டு வேறு. கடைசியில் வரும் ‘ஈக்குவேட்டர்’. பூமத்திய ரேகையில் சந்திப்போம் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவன் பரிசுகளோடு போய் நிற்கிறான். அவளைக் காணவில்லை. பரிசுகள் வெயிலில் உருகிப்போகின்றன. பூமத்திய ரேகை எவ்வளவு நீளம் என்று அவனுக்கு யோசனை வரவில்லை, அவன் நின்றுகொண்டே இருக்கிறான். ‘டலன்ட் இஸ் அன் அசெட்’ என்ற இன்னொரு பாட்டில் சின்ன வயது ஐன்ஸ்டைனைச் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று காவல் காக்கிறார்கள், யாரும் கிட்ட வராதே, பிள்ளை யோசிக்கிறான் என்று. அதே வருடம் வந்த ‘புரொபகாண்டா’வில் ‘போன் வொயாஜ்’ என்று ஒன்று: நோவாவின் பேழையில் இடம் கிடைக்காதவர்கள் கரையில் நின்று வழியனுப்பிப் பாடுவது. பேழைக்குள் போனவர்களைப் பற்றி எல்லோரும் பாடியிருக்கிறார்கள். வெளியே விடப்பட்டவர்களுக்கு இவ்வளவு அழகான மெட்டை யார் கொடுத்தார்கள்?

எங்கள் காதுக்கு இந்த நையாண்டி புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யையும் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யையும் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பொப் பாட்டு என்றால் சிரிக்கவும் வைக்கும், ஒரு கதையும் சொல்லும் என்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். நகைச்சுவை இருந்தால் அது பாரமான இசை ஆகாது என்ற எண்ணம் மேற்கில்தான் அதிகம். அந்த எண்ணத்தால் ஸ்பார்க்ஸ் நிறைய அடிபட்டார்கள்.

1979 இல் டிஸ்கோ இசைத் தயாரிப்பாளர் ஜோர்ஜியோ மொரோடரோடு செய்த ‘நம்பர் வன் இன் ஹெவன்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அதை யாரும் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். கிற்றார் குழுவைக் கலைத்துவிட்டு, அண்ணனும் தம்பியும் சிந்தசைசரும் என்று அவர்கள் நின்ற அந்தத் தோற்றம், பின்னால் எண்பதுகளில் இருவராக வந்த பல குழுக்களுக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஸ்பார்க்ஸ் உண்டு என்பது எனக்குக் குடும்பத்துக்குள்ளேயே தெரியவந்தது. பாரிஸில் இருக்கும் மச்சானுக்குத் தெரிந்தது ‘வென் ஐம் வித் யூ’. அது 1980 இல் பிரான்ஸில் பெரிதாக ஓடியது. ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரருக்கு 1994 இல் வந்த ‘வென் டூ ஐ கெட் டு சிங் மை வே’ மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் அவர்களை ஒரே பாட்டோடு மறைந்தவர்கள் என்றே நினைத்திருந்தார்கள். உங்கள் சொந்தக்காரர் எந்த ஊரில் எந்த வருடம் இறங்கினாரோ, அதைப் பொறுத்து அவரிடம் ஒரு ஸ்பார்க்ஸ் பாட்டு இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், அருமையான பேச்சு கிடைக்கும்.

அந்த 1994 பாட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 1988 க்கும் 1994 க்கும் இடையில் அவர்களிடமிருந்து ஒரு அல்பமும் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு ஜப்பானிய மங்காவை, அதாவது சித்திரக்கதையை, இசைப்படமாக்க உழைத்தார்கள். டிம் பேர்ட்டன் இயக்குவதாக இருந்தது. படம் நடக்கவில்லை. எழுபதுகளில் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தத்தியோடு ஒரு படம் பேசி, அதுவும் நடக்கவில்லை. ரஸல் வீட்டில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கொண்டுவந்த பாட்டு, ‘பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் போல “மை வே” (என் வழியில்) பாட்டை நான் பாடும் நாள் எப்போது வரும்’ என்று கேட்கிறது. நடனமாடும் தாளத்தில், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கேட்கிறது. எனக்கு அலுவலகத்தில் என்னைத் தாண்டிப் போன ஆட்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிற எவருக்கும் இந்தப் பாட்டைக் கொடுக்கலாம்.

சினிமாக் கனவு கடைசியில் நடந்தது. பிரெஞ்சு இயக்குநர் லியோஸ் கறாக்ஸ் தன் ‘ஹோலி மோட்டர்ஸ்’ படத்தில் அவர்களின் பழைய பாட்டொன்றைப் போட்டிருந்தார். அதிலிருந்து பழக்கம் ஏற்பட்டு, அவர்கள் கதையும் இசையும் எழுதிய ‘அனெட்’டை அவர் எடுத்தார். 2021 இல் கான் திரைப்பட விழா அந்தப் படத்தோடு திறந்தது. கறாக்ஸுக்குச் சிறந்த இயக்குநர் விருது. அப்போது ரொனுக்கு 75 வயது.

எல்லா அல்பமும் உயர்வு என்று சொல்லமாட்டேன். 1986 இலும் 1988 இலும் வந்தவை எனக்கு ஒட்டவில்லை, அந்தக் கால ஸ்டூடியோ சத்தம் பாட்டை மூடிவிடுகிறது. அங்கே சிக்கி நிற்காமல் தாண்டிப் போங்கள், பிறகு மனம் வந்தால் திரும்பலாம். எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டே தீருவேன் என்று விரதம் பிடித்தால் இடையில் முறிந்துவிடும். 2008 இல் லண்டனில் அவர்கள் தங்கள் 21 அல்பங்களையும் ஒரு இரவுக்கு ஒன்றாக 21 இரவுகளில் முழுசாக வாசித்தார்கள். அது அவர்களால் முடிந்த சாதனை. அப்போது அதே ஊரில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போனது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்காது.

வீட்டில் இருப்பவர்கள் மேல் திணிக்காதீர்கள். என் மனைவிக்கு ரஸலின் வேகமான பாட்டுகள் தலையிடி. ஒரு ஞாயிறு சமைக்கும்போது ‘நெவர் டேர்ன் யுவர் பக் ஒன் மதர் ஏர்த்’ ஓடியது. “இது ஆர் பாடுறது? நல்லாயிருக்கே” என்றாள். அது மெதுவாகப் போகும் பாட்டு, 1974. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த மாதம் அவளாகவே ‘அந்தப் பூமிப் பாட்டைப் போடுங்கோ’ என்றாள். இப்போது அவளுக்கென்று நாலைந்து பாட்டு இருக்கிறது. 2023 அல்பத்தில் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை, உலகத்தைப் பார்த்தது போதும், வயிற்றுக்குள்ளேயே திரும்பப் போகிறேன் என்று பாடும் பாட்டு அவளுடைய அந்தப் பாட்டுகளில் முதலாவது. பேரன் பிறந்த வருடம் என்பதால் அவளுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது.

அந்த 2023 இல், மே மாதம், மகள் என்னை ரோயல் அல்பர்ட் ஹோலுக்குக் கூட்டிப் போனாள். வயதானவர்களுக்கு நான் சொல்வது: இருக்கை உள்ள மண்டபமாகப் பார்த்து, மேடைக்குப் பக்கவாட்டில், அண்ணனின் முகமும் கையும் தெரியும் இடமாக எடுங்கள். தம்பியை எங்கிருந்தும் பார்க்கலாம், அவர் நிற்கமாட்டார். ரொனின் கீபோர்டில் ‘ரோலன்ட்’ என்று இருக்க வேண்டிய நிறுவனப் பெயரில் எழுத்தை மாற்றி ‘ரொனல்ட்’ ஆக்கி வைத்திருப்பார். நிகழ்ச்சி முழுக்க அதற்குப் பின்னால் சிலைபோல் இருப்பார். ‘நம்பர் வன் சோங் இன் ஹெவன்’ நடுவில் எழும்பி மேடை நடுவுக்கு வந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு, காலை வீசி வீசி ஒரு ஆட்டம். 77 வயது. மண்டபமே எழுந்து நின்று கத்தியது. ஆடி முடிந்ததும் சிரிப்பு அப்படியே அணைந்து, பழைய முகத்தோடு போய் இருந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு என்னைவிட வயது கூட. ‘கிமோனோ மை ஹவுஸ்’ வந்த வருடத்திலிருந்து இந்த ஆட்களைக் கேட்பதாகச் சொன்னார். என் மகளின் வயதில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொரு புதுப் பாட்டையும் சொல் பிசகாமல் பாடினார்கள். புதுப் பாட்டுக்குக் கழிவறைக்குப் போகும் கூட்டம் இல்லை அது.

2025 இல் ‘மேட்’ என்ற அல்பம் வந்து பிரித்தானியப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதே வருடம் ரொனுக்கு 80 ஆனது. கச்சேரி அறிவிப்பு உங்கள் ஊருக்கு வந்தால் அடுத்த முறை பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய நண்பன் ஒருவன் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். எழுபதுகளின் தொடக்கத்திலேயே லண்டனில் இருந்தவன், 1975 க்குப் பிறகு ஸ்பார்க்ஸ் இல்லை என்பது அவன் கட்சி. ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் இதே வாதம். போன கிழமை 2017 அல்பமான ‘ஹிப்பொபொட்டமஸை’ அனுப்பினேன். அதில் ஒரு பாட்டில், சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மன்றாடுகிறவர்களைக் கடவுள் ‘இந்த முறை என்ன வேணும்?’ என்று சினந்து கேட்கிறார். மற்றது ஒன்றும் சரியில்லையாம், அந்த ஒரு பாட்டு மட்டும் பரவாயில்லையாம். அது போதும். அடுத்த கிழமைக்கு ‘லில் பேத்தோவன்’ எடுத்து வைத்திருக்கிறேன்.